மகாராணியின் முதுகு

"அது உன் முதுகுதானே?" என்றாள் அம்மா.

ஊசிக்கு வாயில் வைத்த ரொட்டித் துண்டு தொண்டையிலேயே நின்றுவிட்டது. தொலைக்காட்சியில் மகாராஜாவும் மகாராணியும் கைகோத்தபடி நந்தவனத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். முகம் அந்தப் பக்கம், முதுகு இந்தப் பக்கம். பின்னணியில் வயலின் உருகி ஊற்றிக்கொண்டிருந்தது.

"என்னம்மா உளர்ற? அது மகாராணி."

"மகாராணிக்கு வலது தோள் ஏன் அரை இஞ்சு தாழ்ந்திருக்கு? மூணாம் கிளாஸ்ல இருந்து தலையால அடிச்சுக்கிட்டேன், பையை ஒரே தோள்ல மாட்டாதேன்னு. கேட்டியா?"

ஆறு மாதமாக வேறு சேனல் பார்த்துவந்த அம்மா அன்றைக்குத்தான் இந்தத் தொடருக்குத் திரும்பியிருந்தாள். அவளிடம் இந்த விஷயத்தில் பொய் செல்லாது. முப்பத்திரண்டு வருடம் பள்ளியில் உடற்பயிற்சி டீச்சராக இருந்தவள். காலை அணிவகுப்பில் எல்லா டீச்சர்களும் மேடையில் நிற்க, இவள் மட்டும் வரிசைகளுக்குப் பின்னால் நின்று யார் நெளிகிறார்கள், யார் கூனுகிறார்கள் என்று பார்த்தே காலத்தை ஓட்டினாள். அதனால் முகங்கள் அவள் மனதில் தங்குவதே இல்லை. இன்றைக்கும் பழைய மாணவர்கள் யாராவது கடைத்தெருவில் எதிரே வந்து, "டீச்சர், என்னைத் தெரியுதா?" என்று கேட்டால், "கொஞ்சம் திரும்பு" என்பாள். திரும்பியதும் பெயர், வகுப்பு, எந்த வருடம் ஓட்டப்பந்தயத்தில் விழுந்தான் என்பது வரை கடகடவென்று வந்துவிடும்.

"சரி, என் முதுகுதான். வெளியே சொல்லக் கூடாதுன்னு கம்பெனியில கட்டளை. நீயும் யார்கிட்டயும் சொல்லிடாதே."

"நான் ஏன் சொல்றேன்? அது கிடக்கட்டும்." அம்மா நாற்காலியை இழுத்துத் திரைக்கு முன்னால் போட்டுக்கொண்டாள். "பக்கத்துல வர்றது யாரு? அதுவும் நிஜ ராஜா இல்லை. நிஜ ராஜா நடந்தா இடுப்பு ஆடும். இவன் எப்படி வர்றான் பாரு, ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரி."

ஊசி தண்ணீர் குடித்தாள். ஒரு டம்ளர் போதவில்லை. இன்னொன்றும் குடித்தாள்.

அவள் அந்த ராஜா ராணித் தொடரின் உடையலங்காரப் பொறுப்பாளர். பதினொரு வருடமாக அதே தொழில். முப்பத்திநாலு வயது, மூக்குக் கண்ணாடி, ரவிக்கையின் ஓரத்தில் எப்போதும் குத்தியிருக்கும் ஒரு டஜன் ஊசி. அதனால்தான் அந்தப் பெயர். எந்தக் காட்சியில் யார் எந்த உடையில் இருந்தார்கள், மேலங்கியில் எத்தனை மடிப்பு, இடுப்புக் கச்சையின் முடிச்சு எந்தப் பக்கம் என்று எதிலும் அவள் தவறியதே இல்லை. அது அவளுடைய ஒரே கர்வம்.

அவள் முதுகு மகாராணி ஆனதற்குக் காரணம் கிரீடம். மகாராஜாவின் கிரீடம் தன்னுடையதைவிட இரண்டு இஞ்சு உயரம் என்று மகாராணியாக நடிக்கும் நடிகை ஒருநாள் கண்டுபிடித்தார். தனக்கு மூன்று இஞ்சு கூட்டச் சொன்னார். மகாராஜா விடுவாரா? அவர் நாலு கூட்டினார். தெர்மாகோலும் தங்கக் காகிதமும் இருக்கும் வரை கிரீடத்துக்கு என்ன குறை? இப்படியே வளர்ந்து வளர்ந்து, ஒரு நாள் இருவரும் அந்தப்புர வாசலில் ஒரே நேரத்தில் நுழைய, இரண்டு கிரீடமும் மேல் வளைவில் இடித்து, மாட்டிக்கொண்டு, மகாராஜாவும் மகாராணியும் கால்மணி நேரம் அந்தரத்தில் ஊஞ்சலாடாத குறையாக நின்றார்கள். அப்போது ஒருவரையொருவர் பேசிய பேச்சு எந்த ராஜவம்சத்திலும் பேசாத பேச்சு. அன்றோடு சரி. அவர் வரும் நாளில் இவர் வர மாட்டார். இவர் வரும் நாளில் அவருக்குக் காய்ச்சல்.

டைரக்டர் தலையில் கைவைத்து உட்காரவில்லை. அவருக்கு அதற்கெல்லாம் நேரம் கிடையாது. காலையில் எடுத்ததைச் சாயங்காலம் ஒளிபரப்புகிற தொடர் அது. "ராஜா முகம் பேசும்போது ராணிக்கு முதுகு போதும். ராணி முகம் பேசும்போது ராஜாவுக்கு முதுகு போதும். முதுகுக்கு நடிப்பு வேணுமா என்ன?" என்றார். ராணி அளவுக்கு உடம்பு ஊசிக்கு இருந்தது. ராஜா அளவுக்குத் தோள், அரங்கம் அமைக்கும் தச்சனுக்கு இருந்தது. சிம்மாசனத்தை இழைத்தவன் என்பதால் அவனை எல்லோரும் சிம்மாசனம் என்றே கூப்பிட்டார்கள்.

ராஜா முகம் வரும் நாளில் ஊசி. ராணி முகம் வரும் நாளில் சிம்மாசனம். இரண்டு முதுகும் சேர்ந்து வருவது வியாழக்கிழமை மட்டும். அன்றைக்குத்தான் ஜோடியாக நடந்து போகும் காட்சி. நீரூற்றில் தொடங்கித் தூண் வரைக்கும் சரியாகப் பதினாலு அடி. தூணைத் தாண்டினால் அரண்மனை முடிந்துபோகும். அப்புறம் தகரச் சுவரும் டீ மெஷினும்தான்.

இதில் ஒரு சிக்கல். காதோரம் கண்ணாடிக் காம்பு மின்னுகிறது என்று ஊசியின் கண்ணாடியை டைரக்டர் கழற்றச் சொல்லிவிட்டார். கண்ணாடி இல்லாவிட்டால் அவளுக்குக் கை நீட்டும் தூரத்துக்கு அப்பால் எல்லாமே ஆவி பறக்கும். முதல் வியாழக்கிழமை கம்பீரமாக நடந்துபோய்த் தூணில் மோதி நின்றாள். அன்றிலிருந்து சிம்மாசனம் வாய்க்குள் அடி எண்ண ஆரம்பித்தான். பதினாலு வந்தால் நிற்க வேண்டும்.

அந்தக் காட்சிக்கு ஒலிப்பதிவு கிடையாது. ஆகவே பேசலாம். தலையை மட்டும் திருப்பக் கூடாது. ஊசி பேச, சிம்மாசனம் எண்ணிக்கைக்கு நடுவே ஒரே ஒரு சொல்லைச் சொருகிப் பதில் சொல்வான்.

"உங்களுக்கு வயசு என்ன ஆகுது?"

"நாலு, அஞ்சு, முப்பத்தேழு, ஏழு, எட்டு."

"கல்யாணம்?"

"இல்லைங்க, பத்து, பதினொண்ணு."

"ஏன்?"

"கூச்சம், பதிமூணு, பதினாலு. நில்லுங்க."

இப்படியே ஆறு மாதம். வாரத்துக்குப் பதினாலு அடி. டைரக்டர் திரும்ப எடுக்கச் சொன்னால் இருபத்தெட்டு. அவனுக்குப் பாகற்காய் பிடிக்கும், பல்லி பயம், படுத்ததும் தூங்கிவிடுவான், இதுவரை ஏழு அரண்மனை கட்டியிருக்கிறான், எல்லாம் ஒட்டுப்பலகை. அவள் சொன்ன எதையும் அவன் மறந்ததில்லை. வலது தோள் வலிக்கிறது என்று ஒருமுறை சொன்னாள். அடுத்த வாரம் அவளுடைய தையல் மேஜை இரண்டு இஞ்சு உயர்ந்திருந்தது. யார் உயர்த்தியது என்று யாருக்கும் தெரியவில்லை. கால்களின் அடியில் ஒட்டியிருந்த துண்டுகள் மட்டும் சிம்மாசனத்தின் கால் மாதிரியே சிங்க நகத்தோடு இருந்தன.

ஆனால் நேருக்கு நேர் பார்த்தால்? டீ மெஷின் பக்கத்தில் எதிரெதிரே நின்றால் இருவருக்கும் நாக்கு மடங்கிப் படுத்துக்கொள்ளும்.

"டீயா?"

"ம்."

"சரி."

அவ்வளவுதான். நாட்டை ஆண்ட ஜோடி இந்த லட்சணத்தில் இருந்தது.

இதையெல்லாம் அம்மாவிடம் ஊசி அன்றைக்குச் சொல்லி முடித்தபோது ரொட்டி ஆறிப்போயிருந்தது. அம்மா விளம்பர இடைவேளைக்காகக் காத்திருந்து பேசினாள்.

"உனக்கு எத்தனை பேர் ஃபோட்டோ காட்டினேன்? ஃபோட்டோவுல எல்லாவனும் சிரிக்கிறான். சிரிக்கிறதுல என்ன தெரியும்? முதுகு பொய் சொல்லாது. இவன் கூனலை. நெஞ்சைத் தூக்கிக்கிட்டும் நடக்கலை. உன் அடிக்குத் தன் அடியைக் குறைச்சுக்கிட்டு வர்றான், அதைக் கவனிச்சியா நீ?"

"இல்லைம்மா. எனக்குத்தான் கண்ணு தெரியாதே."

"எனக்குத் தெரியுது. வர்ற வியாழக்கிழமை கேட்டுடு."

"நானா? நான் எப்படிம்மா..."

"அவனுக்குக் கூச்சம்னு அவனே சொல்லிட்டான். உனக்கும் கூச்சம்னா அப்புறம் நானா வந்து நடப்பேன், பதினாலு அடி?"

வியாழக்கிழமை காலை ஊசி போய்ச் சேர்ந்தபோது அரண்மனைக்குள் கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள். தொலைக்காட்சி விருது விழாவில் 'ஆண்டின் சிறந்த ஜோடி' விருது மகாராஜாவுக்கும் மகாராணிக்கும் கிடைத்துவிட்டதாம். எந்தக் காட்சிக்கு? அந்த நந்தவன நடைக்கு. மேடையில் விருதை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு இருவரும் கண்ணீர் விட்டு, பழசையெல்லாம் மறந்து, ஒரே உயரக் கிரீடத்துக்குச் சம்மதித்துவிட்டார்களாம்.

"நாளையிலேர்ந்து ரெண்டு பேரும் ஒண்ணா வர்றாங்க!" டைரக்டர் கேக்கை ஊசியின் கையில் திணித்தார். "இன்னிக்கு ஒரே ஒரு நடை. அதோட உன் முதுகுக்கு விடுதலைம்மா. சிம்மாசனமும் நாளைக்குக் கிளம்புறான்."

"எங்கே சார்?"

"வேற ஊர்ல ராக்கெட் படம். ஏழு மாசம். அரண்மனை கட்டின கையால இனிமே விண்வெளி நிலையம்."

கேக் அவள் கையிலேயே நசுங்கியது. இன்றைக்கு ஒரே ஒரு நடை. பதினாலு அடி. அதற்குள் கேட்கவும் வேண்டும், பதில் வாங்கவும் வேண்டும். டீ மெஷின் பக்கத்தில் அவனைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

"கேக்கா?"

"ம்."

"சரி."

வேறு வழியே இல்லை. நடையில்தான் கேட்டாக வேண்டும்.

அவன் தலையில் கிரீடத்தை வைத்து ஆறு கொண்டை ஊசியால் அவளே இறுக்கினாள். ஏழு மடிப்பு வைத்து மேலங்கியைத் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். கண்ணாடியைக் கழற்றி உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். உலகம் ஆவியானது.

"ஆக்‌ஷன்!"

"ஒண்ணு, ரெண்டு, மூணு..."

"நாளைக்குக் கிளம்புறீங்களாமே?"

"ஆமாங்க, அஞ்சு, ஆறு..."

"நான் ஒண்ணு கேக்கணும். அது வந்து... அதாவது எங்கம்மா... இல்லை, அம்மா இல்லை, நான்தான்... அதாவது..."

"பதினொண்ணு, பன்னண்டு..."

பதினாலு நெருங்கிவிட்டது. ஊசி வேண்டுமென்றே மேலங்கியை மிதித்துத் தடுமாறினாள்.

"கட்! என்னம்மா ஊசி, நீ தச்ச துணி உன்னையே இழுக்குதா? மறுபடியும்!"

இரண்டாவது தடவை அவள் மூச்சை இழுத்து, "நீங்க இல்லாம எனக்கு..." என்று ஆரம்பித்து, மேலே சொல்ல வராமல் விழித்தபோது பத்தாவது அடி ஆகியிருந்தது. அந்த நேரத்தில் சிம்மாசனத்தின் கிரீடம் தலையிலிருந்து கழன்று விழுந்து நீரூற்றுப் பக்கம் உருண்டு ஓடியது.

"கட்! ராஜ்ஜியமே போச்சு! மறுபடியும்!"

ஊசி கிரீடத்தை எடுத்துப் பார்த்தாள். ஆறு ஊசி குத்தியிருந்தாள். ஆறு ஊசி தானாகக் கழலாது. சிம்மாசனத்தின் இடது கை மூடியிருந்தது. அதற்குள்ளிருந்து ஒரு கொண்டை ஊசியின் நுனி எட்டிப் பார்த்தது.

அவளுக்குள் ஏதோ ஒன்று எழுந்து நின்று சோம்பல் முறித்தது.

மூன்றாவது தடவை முதல் அடியிலேயே கேட்டுவிட்டாள். "என்னைக் கல்யாணம் பண்ணிக்குவீங்களா?"

"ரெண்டு," என்றான் அவன்.

காத்திருந்தாள்.

"மூணு. நாலு. அஞ்சு."

ஒரு சொல். ஒரே ஒரு சொல் போதும். வயதைச் சொன்னவனுக்கு, பாகற்காயைச் சொன்னவனுக்கு, இதற்கு ஒரு சொல் கிடைக்கவில்லையா? எட்டு. ஒன்பது. எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒழுங்காக வந்தன. எதற்கு நடுவிலும் எதுவும் வரவில்லை.

"பதினாலு. நில்லுங்க."

"கட்! ஓகே! அருமை!" டைரக்டர் கைதட்டினார். "எல்லாத்தையும் பிரிக்கலாம்!"

ஊசிக்குக் கண்ணாடி இருந்தாலும் அப்போது எதுவும் தெரிந்திருக்காது. அவ்வளவுதானா? முடியாது. இல்லை என்றாலும் அதை அவன் வாயால் சொல்லிவிட்டுப் போகட்டும். எப்படி இன்னொரு தடவை நடப்பது? டைரக்டர் ஓகே சொன்னது சொன்னதுதான். வானமே இடிந்து விழுந்தால் ஒழிய மாற்ற மாட்டார்.

"சார்," என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "தப்பு நடந்துபோச்சு சார். மேலங்கியில ஏழு மடிப்பு இருக்கணும். நான்... நான் ஆறுதான் வச்சிருக்கேன். மூணு தடவையும்."

அரங்கமே நின்றது. விளக்குக் கம்பத்தில் ஏறியிருந்தவர் அப்படியே தொங்கினார். பதினொரு வருடத்தில் ஊசியிடம் ஒரு மடிப்புத் தவறியதில்லை.

"நீயா?" என்றார் டைரக்டர். "ஒரு மடிப்பை எவன்மா எண்ணப் போறான்?"

"எங்கம்மா எண்ணுவாங்க சார்."

டைரக்டர் பெருமூச்சு விட்டார். குறிப்பேட்டில் முதல் மூன்றுக்கும் குறுக்கே சிவப்புக் கோடு போட்டு, பக்கத்தில் 'மடிப்புத் தவறு' என்று எழுதினார். அந்தச் சிவப்புக் கோடு அவள் நெஞ்சின் மேலேயே போட்ட மாதிரி இருந்தது. போகட்டும், கர்வத்தை வைத்துக்கொண்டு யாரோடு குடித்தனம் நடத்துவது? திரைக்குப் பின்னால் போய், சரியாக இருந்த ஏழு மடிப்பையும் கலைத்துவிட்டு மறுபடி அதே ஏழு மடிப்பை வைத்துக்கொண்டு வந்தாள்.

இந்தத் தடவை கண்ணாடியைக் கையில் மூடி வைத்துக்கொள்ளவில்லை. 'ஆக்‌ஷன்' என்ற சொல் விழுந்ததும் மூக்கில் மாட்டிக்கொண்டாள். பதிலை அவன் முகத்திலும் பார்த்துவிட வேண்டும் என்ற முடிவோடு.

"ஒண்ணு, ரெண்..." அவன் ஓரக்கண்ணால் பார்த்திருக்க வேண்டும். "கண்ணாடி போட்டிருக்கீங்களா?"

"போட்டிருக்கேன்."

"தூண் தெரியுதா?"

"தெரியுது."

"அப்ப எண்ண வேண்டாம்ல?"

"வேண்டாம்."

"அப்பாடா." அவன் நடையை மெதுவாக்கினான். "நான் போன தடவையே சொல்லியிருப்பேங்க. ஆனா இதுக்கு ஒரு வார்த்தை பத்தாது. நிறையப் பேசினா எண்ணிக்கை தப்பிடும். எண்ணிக்கை தப்பினா நீங்க தூண்ல முட்டிக்குவீங்க. கல்யாணத்துக்குக் கேட்ட பொண்ணை அன்னிக்கே தூண்ல முட்ட விடலாமா? எனக்கு முழுச் சம்மதங்க. நீங்க நடந்தா நானும் நடக்கிறேன், நீங்க நின்னா நிக்கிறேன். ராக்கெட்டுக்கு நான் போகலை. ஏழு மாசம் உங்களைப் பார்க்காம நான் எதைக் கட்டினாலும் கோணலாத்தான் வரும்."

ஆறு மாதத்தில் அவன் பேசிய மொத்தத்தையும்விட இது அதிகம். ஊசி திரும்பினாள். அவனும் திரும்பினான். ஆறு மாதத்தில் முதல் தடவையாக நடந்துகொண்டே அவன் முகத்தைப் பார்த்தாள். மூக்கு சிவந்திருந்தது. காதுவரைக்கும் சிரித்தான். எண்ணுவதை விட்டுவிட்ட சந்தோஷத்தில் நேராகப் போய் அவன் தூணில் மோதினான். தானே செய்த தெர்மாகோல் தூண். அது யோசித்து, தயங்கி, பிறகு ராஜ மரியாதையோடு மெல்லச் சாய்ந்தது.

"கட்! கட்! கட்! ஓகே ஆனதைக் கெடுத்து... போதும், பழையதையே போட்டுக்கலாம். போங்க ரெண்டு பேரும்!"

சொன்னவர் அடுத்த காட்சிக்கு ஓடினார். குறிப்பேட்டைத் திருத்த மறந்துவிட்டார்.

அன்று மாலை ஏழேகாலுக்குச் சிம்மாசனம் ஊசியின் வீட்டு வாசலில் நின்றான். கையில் ஒரு பை பாகற்காய். எதை வாங்கிக்கொண்டு வருவது என்று தெரியாமல் தனக்குப் பிடித்ததையே வாங்கி வந்திருந்தான். ஊசி கதவைத் திறந்தாள். நேருக்கு நேர்.

"வாங்க."

"ம்."

"சரி."

கூடத்தில் அம்மா தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவன் அவள் எதிரே போய்க் கைகூப்பி நின்றான். அவள் கழுத்தை இடது பக்கம் நீட்டினாள், வலது பக்கம் நீட்டினாள்.

"தம்பி, யாரா இருந்தாலும் கொஞ்சம் தள்ளிக்கோங்க, மறைக்குது. எங்க மாப்பிள்ளை நடந்து வர்ற நேரம்."

"அம்மா, இவர்தான்..."

"உஷ்!"

வயலின் ஆரம்பித்தது. மகாராஜாவும் மகாராணியும் நந்தவனத்தை நோக்கி நடந்தார்கள். ஊசி அந்த நடையைப் பார்த்தாள். முதல் மூன்றுக்கும் சிவப்புக் கோடு. கோடு இல்லாதது ஒன்றுதான். எடிட்டருக்கு ஒளிபரப்புக்கு முன்னால் கிடைப்பது அரைமணி நேரம். குறிப்பேட்டில் கோடு இல்லாததை எடுத்து ஒட்டிவிட்டு மூச்சு விடுவார்.

"அம்மா, டிவியை நிறுத்து," என்றாள்.

எங்கே நிறுத்துவது? நாடு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, மகாராணி மூக்குக் கண்ணாடியோடு பளிச்சென்று திரும்பினாள். மகாராஜா மூக்குச் சிவக்கத் திரும்பினான். வயலின் உச்சத்துக்குப் போனது. ராஜா தூணில் மோதினான். அரண்மனை சாய்ந்தது. விளம்பரம் வந்துவிட்டது.

ஊசியின் கைபேசி மேஜைமேல் அதிர்ந்து அதிர்ந்து ஊர்ந்தது. டைரக்டர். அது முடியும் முன்பே மகாராஜா. அடுத்து மகாராணி. ஒரே உயரக் கிரீடத்துக்குப் பிறகு அவர்கள் இரண்டாவதாக ஒத்துப்போன விஷயம் இதுவாகத்தான் இருக்கும்.

அம்மா அப்போதுதான் பக்கத்தில் நின்றவனை நிமிர்ந்து பார்த்தாள். மேலும் கீழும் பார்த்தாள். பிடிபடவில்லை.

"கொஞ்சம் திரும்புங்க," என்றாள்.

அவன் திரும்பினான்.

"அட, மாப்பிள்ளை!" அம்மாவின் முகம் மலர்ந்தது. "முன்னாடியே சொல்லக் கூடாதா? முகமும் பரவாயில்லைதான். ஆனா என்ன, பாதை பார்த்து நடக்கத் தெரியலை."

"பழகிக்கிறேன் டீச்சர்," என்றான் அவன், சுவரைப் பார்த்தபடி. முதுகு காட்டி நின்றதால் பேச்சு சரளமாக வந்தது.

"இவளும் சேர்ந்துக்கட்டும். எங்கே, ரெண்டு பேரும் சமையல்கட்டு வரைக்கும் நடங்க, நேர்ல பார்க்கிறேன். தோளை நிமிர்த்துடி!"

கைபேசி மேஜை விளிம்பு வரை ஊர்ந்து கீழே விழுந்தது. ஊசி அதை எடுக்கவில்லை. அவன் பக்கத்தில் போய் நின்று, கண்ணாடியைக் கழற்றி உள்ளங்கையில் மூடிக்கொண்டாள்.

"ஒண்ணு," என்று ஆரம்பித்தான் அவன். "ரெண்டு, மூணு... இங்க எத்தனை அடிங்க?"

"ஒன்பதுதான். சின்ன வீடு."

"பரவாயில்லைங்க," என்றான். "திரும்பியும் நடந்துக்கலாம்."